கடன் வாங்காத கடைக்கும் கடன் ஆபத்து உண்டு

கடன் என்றால் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று சிறு வணிகர் ஒருவரைக் கேட்டால், மூன்றில் ஒரு பதில்தான் பெரும்பாலும் வரும். வட்டி ஏறிப்போகும், வீடு கைவிட்டுப் போகும், நாலு பேர் முன்னால் தலை குனிய நேரும். மூன்றும் நியாயமான பயங்கள்தாம். ஆனால் மூன்றுமே வங்கியில் கையெழுத்துப் போட்ட பிறகு வருகிறவை. கையெழுத்தே போடாவிட்டால் ஆபத்தே இல்லை என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுவது இதனால்தான். அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு ரூபாய்கூட வங்கிக் கடன் இல்லாத கடையிலும் கடன் ஆபத்து இருக்கிறது. விற்ற சரக்குக்கு வராத பாக்கியில், தவணைக்கு வாங்கிய கொள்முதலில், வாய்ச்சொல்லில் நிற்கும் உறவினர் பணத்தில் அது ஒளிந்திருக்கிறது. வங்கிக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஆபத்தை அளந்து எழுதி வைக்கும் வேலையோ, போகிறவருக்கும் போகாதவருக்கும் பொது.

இதைப் பேசக் காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மார்க்கோ போலோ குறித்த ‘காயல்’ பழையகாயலா, காயல்பட்டினமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரை பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகத்தில் வாழ்ந்த கரை. காயல் வணிகர்கள் கொழும்பு, கொல்கத்தா, சென்னை, ஹாங்காங் என்று பரவி, இரத்தினக் கல் முதலிய தொழில்களில் நிலைத்தார்கள். வட்டி இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால், வங்கிக் கடனைத் தொடாமலே தொழில் நடத்துவதை ஒரு கடமையாகக் கொண்டவர்கள் இவ்வூரில் உண்டு. அப்படிப்பட்ட கடைக்கு முதல் வேறு வழிகளில் திரள்கிறது. வெளிநாட்டிலிருக்கும் காக்கா (அண்ணன்) அனுப்புவது, மச்சானின் கூட்டு முதல், வீட்டு நகை, பைத்துல்மால் (பொதுநிதி) போன்ற அமைப்புகள் தரும் வட்டியில்லாக் கடன், மொத்த வியாபாரி தவணையில் விடும் சரக்கு ஆகியவை அந்த வழிகள். வங்கி இல்லாமல் வணிகத்தின் ஆபத்து எப்படி இருக்கும் என்பதை இந்த ஊரில் தெளிவாகப் பார்க்கலாம்.

வங்கிக்குப் போகாதவரை விவரம் தெரியாதவர் என்று சில கையேடுகள் எழுதுகின்றன. அது தவறு. அவர் கேட்பது ஒரு குறிப்பிட்ட முறையை. அந்த முறை இந்திய வங்கியில் கிடைப்பதில்லை. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு இடம் தர வேண்டும் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி அமைத்த தீபக் மொஹந்தி குழுவும் 2015இல் இதே கருத்தைச் சொன்னது. 2017இல் ரிசர்வ் வங்கி இதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டது. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, வங்கிகள் பொருள் வாங்கி விற்கும் வணிகத்தில் இறங்குவதைத் தடுக்கிறது. ஆகவே வங்கியே சரக்கை வாங்கி, லாபம் வைத்து, தவணையில் வணிகருக்கு விற்கும் முறைக்கு இங்கே வழியில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் 2011 முதல் அமானா வங்கி அந்த முறையிலேயே இயங்குகிறது. காயல்காரருக்கு இரண்டு ஊரும் தெரியும் என்பதால் இங்குள்ள குறையும் தெரியும். அதோடு, சொந்தப் பணத்தில் தொழில் நடத்துவது ஒரு சமயத்தாரின் பழக்கம் மட்டுமே என்று எண்ணவும் இடமில்லை. 2006-07ஐ அடிப்படையாகக் கொண்ட நான்காவது சிறுதொழில் கணக்கெடுப்பில், நாட்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெளிக்கடன் இல்லாமலோ சொந்தப் பணத்திலோ இயங்கியது தெரியவந்தது.

இனி ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். காயல்பட்டினத்தின் கூலக்கடை பஜாரில் ஒரு கடை ஆண்டுக்கு 73 லட்சம் ரூபாய்க்குக் கொள்முதல் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20,000 ரூபாய் ஆகிறது. வாங்கிய சரக்கு விற்கச் சராசரி 60 நாள் ஆகிறது. விற்ற பிறகு பணம் கைக்கு வர 45 நாள். கொள்முதல் செய்த இடத்தில் கிடைக்கும் தவணை 30 நாள். 60உம் 45உம் 105. அதில் 30ஐக் கழித்தால் 75. இந்த 75 நாளுக்கு, நாளொன்றுக்கு 20,000 வீதம், 15 லட்சம் ரூபாய் எப்போதும் தொழிலுக்குள் முடங்கியே கிடக்கும். அதில் 45 நாள் பாக்கி மட்டும் அடக்க விலையில் 9 லட்சம். இதுதான் நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் கடன். இதே 9 லட்சத்தை ஒரு வங்கி உங்களுக்குக் கொடுப்பதானால் எத்தனை தாள் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்களோ ஒரு தாளும் கேட்காமல் கொடுத்திருக்கிறீர்கள். பார்ட்டிகள் இன்னும் 30 நாள் தாமதித்தால் கூடுதலாக 6 லட்சம் வேண்டும். விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே கடை திணறத் தொடங்கும். வியாபாரம் நன்றாக இருந்தும் கையில் காசில்லை என்று பல கடைக்காரர்கள் சொல்லும் புதிருக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்த இடத்தில் சட்டம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் சில்லறை, மொத்த வியாபாரிகள் 2021 ஜூலையில் சிறுதொழில் வகைக்குள் சேர்க்கப்பட்டபோது, முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்று வரம்பு கட்டியே சேர்க்கப்பட்டார்கள். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் கையில் இருந்தாலும் வாங்கி விற்கும் கடைக்கு 45 நாள் பாதுகாப்பு கிடையாது. வியாபாரி தன் பாக்கியைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான். மாதக் கடைசியில் பேரேட்டைத் திறந்து, ஒவ்வொரு பாக்கியும் எத்தனை நாள் பழையது, மொத்தப் பாக்கியில் ஒரே பார்ட்டியிடம் எவ்வளவு என்று எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமே இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் கடையின் உயிர் அவருடைய கடையில் இருக்கிறது என்றே பொருள். ஐந்தில் ஒன்று என்பது என் கணிப்பு. உங்கள் தொழிலுக்கு ஏற்ப அதைக் குறைக்கலாம், கூட்டாதீர்கள்.

2023 டிசம்பர் பெருமழை இந்த ஆபத்தை ஊர் முழுவதற்கும் காட்டிவிட்டது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படியொரு நாளில் கிடங்குச் சரக்கு நனைகிறது. பாக்கி தர வேண்டியவரும் அதே வெள்ளத்தில் நிற்கிறார். வெளியூர் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் அப்படியே நிற்கிறது. வங்கிக் கடன் பெற்ற சரக்குக்கு வங்கி காப்பீடு கேட்கும். கடனில்லாத கடையில் அதைக் கேட்க யாருமில்லை. 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ பாலிசி வெள்ளச் சேதத்தையும் ஏற்கிறது. காப்பீட்டிலும் மார்க்கக் கேள்வி உள்ளவர்கள் அதை அறிஞர்களிடம் கேட்டுத் தெளியட்டும். எடுப்பதில்லை என்று முடிவு செய்தால், அதற்கு ஈடான ஒரு தொகையைத் தொழிலுக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேண்டியது கட்டாயம். இரண்டும் இல்லாமல் இருப்பது, முழு ஆபத்தையும் அறியாமலே தலையில் ஏற்றிக்கொள்வது.

உறவுக்குள் வாங்கும் பணத்தில் என்ன ஆபத்து, அவர்கள் ஜப்தி செய்யப் போகிறார்களா என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. உறவினர் தவணை தவறியதும் நோட்டீஸ் அனுப்புவதில்லை, வெள்ளம் வந்தால் பொறுப்பார், வட்டியும் கேட்பதில்லை. இந்தப் பொறுமைதான் காயல் வணிகத்தைப் பல தலைமுறை தாங்கியிருக்கிறது. எனினும் அந்தப் பணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் பேசிவைப்பதில்லை. அது கடன் என்றால், தொழில் நொடித்தாலும் திருப்பித் தர வேண்டும். கூட்டு முதல் என்றால், லாபத்தில் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. லாபம் வரும் காலத்தில் கூட்டு என்றும் நஷ்டம் வந்ததும் கடன் என்றும் ஆளுக்கொரு நினைவு கிளம்பும்போது உடைவது கடை மட்டுமில்லை, இரண்டு குடும்பங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுமையாகப் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் பாக்கிக்காக வெளியாரின் மேல் வழக்குப் போடவும் முடியாது. எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் இடையில் வரவு வராமலும் மூன்று ஆண்டு கடந்த கடனை நீதிமன்றத்தில் வசூலிப்பது கடினம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாற்று வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் அதே அளவு அபராதத்துக்கு இடமுண்டு.

நம்பிக்கையுள்ள இடத்தில் எழுதக் கேட்பது அவமதிப்பு என்ற கூச்சம் பலரிடம் இருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனைத் தவணையோடும் சாட்சியோடும் எழுதி வைப்பது பற்றியது என்பதை இவ்வூர் வணிகருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்றால் அதற்கு அவ்வளவு நீண்ட வசனம் வந்திருக்காது. எழுத்தும் கணக்குப் பார்வையும் இல்லாத நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றப்படும் என்பதை 2019 ஜூனில் பெங்களூரில் சரிந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் காட்டியது. வட்டி இல்லை, லாபப் பங்கு மட்டுமே என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் அது பணம் திரட்டியிருந்தது. வட்டியைத் தவிர்த்தவர்கள், பணம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் சேர்த்துத் தவிர்த்துவிட்டார்கள். வட்டி இல்லாத முதலீட்டில் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது, வங்கிக்குப் போகாதவரை ஆபத்தில்லை என்று எண்ணும் அதே பிழையின் மறுவடிவம்.

வீடு போகும் என்ற பயம் காயல்பட்டினத்தில் தனிக் கவனத்துக்குரியது. மணமான பின் கணவர் மனைவி வீட்டில் வாழ்வதும், பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் இங்கே நெடுநாள் வழக்கம். அதனால் குடும்பத்தின் முக்கியச் சொத்து மனைவி பேரிலோ மாமியார் பேரிலோ இருப்பது சகஜம். கடை கணவருடையது, பத்திரம் அவருடையதன்று. வங்கி அடமானம் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பெண். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது. ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்பது சட்டத்தில் இல்லாத வாக்கியம். 90 நாள் பாக்கி நின்று கடன் வாராக்கடனானால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி அந்த வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். தலைமுறைதோறும் பெண்களுக்கு ஒரு கூரையை உறுதிசெய்த ஏற்பாட்டை ஒரு கடையின் ஏற்ற இறக்கத்தோடு கட்டிவிடுவது சிறிய முடிவன்று. கையெழுத்துப் போடுமுன் கடையின் கணக்கை அந்தப் பெண் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதனால்தான் அடமானமில்லாக் கடன் பற்றி அறிவது இவ்வூருக்கு மிக அவசியம். குறு, சிறு நிறுவனங்களுக்கான கடனுக்குக் குறித்த ஒரு வரம்பு வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2015இல் தொடங்கிய முத்ரா கடன்களும் ஈடில்லாதவை. அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு, மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் 2000இல் அமைத்த கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இந்த உத்தரவாதம் வங்கியின் நஷ்டத்துக்கு. உங்கள் கடன் அதனால் தள்ளுபடி ஆவதில்லை. வீடு தப்பும், பொறுப்பு தப்பாது.

வங்கி எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மேலாளர் உங்கள் நேர்மையை ஊராரைப் போல அறிந்தவரல்லர். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர். தாளில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும். நாற்பது ஆண்டு ஒரு பாக்கியும் வைக்காத வணிகரும், நேற்று வந்தவரும் கடன் வரலாறு இல்லாதவர்கள் என்ற ஒரே வரியில் அவர் திரையில் நிற்பார்கள். இது அநியாயம்தான்; ஆனால் திருத்தக்கூடிய அநியாயம். நடப்புக் கணக்குக்கு வங்கி வட்டி தருவதில்லை. ஆகவே வட்டியைத் தவிர்ப்பவருக்கும் அது தடையில்லாத கருவி. விற்பனை முழுவதையும், கடையில் ஸ்கேன் செய்து வரும் சில்லறைப் பணம் உட்பட, அந்த ஒரே கணக்கின் வழியாக ஓட விடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரே கதையைச் சொல்லட்டும். கணக்கில் காட்டினால் வரி வருமே என்பார்கள். வரும். ஆனால் வங்கி உங்கள் நடைமுறை மூலதன வரம்பைக் கணக்கிடுவது காட்டிய விற்பனையை வைத்து. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்ற அளவில் வங்கி தரும். ஒரு கோடி விற்றுவிட்டு 40 லட்சம் காட்டுபவர், 20 லட்சத்துக்குப் பதில் 8 லட்சத்துக்கே தகுதி பெறுகிறார். கடனே வேண்டாம் என்பவருக்கும், வெள்ள நிவாரணம் கேட்கவும் கூட்டாளியோடு பாகம் பிரிக்கவும் காட்டிய கணக்குதான் சாட்சி.

வட்டியோடு கடன் வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் விலையைச் சரியாக அளக்க வேண்டும். 9,000 ரூபாய் கையில் வாங்கி, 100 நாள் தினம் நூறு கட்டும் தண்டலில் கூடுதல் ஆயிரம்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால் அது ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேல். மூணு வட்டி என்பது 36 சதவீதம். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து மாண்டது. அதீத வட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. கேள்வி கேட்காமல் கிடைக்கும் கடன் எளிது என்ற எண்ணம் இத்தனை விலை வாங்கியிருக்கிறது. வங்கியின் பக்கம் விதிகள் சற்றே கடன் வாங்குபவருக்குச் சாதகமாகத் திரும்பியுள்ளன. 2024 அக்டோபர் முதல் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவரத் தாளை வங்கி தர வேண்டும். தவணை தவறினால் அபராத வட்டி கூடாது. கட்டணம் மட்டும், அதன்மேல் வட்டி ஏறாது. 2026 ஜனவரி முதல் அனுமதிக்கப்படும் மாறும் வட்டிக் கடனைக் குறு, சிறு நிறுவனங்கள் முன்கூட்டி அடைத்தால் வணிக வங்கிகள் அதற்கு அபராதம் கேட்கக் கூடாது. ஆயினும் கடன் கடையை மூழ்கடிப்பதற்கு வட்டி விகிதத்தைவிடக் காலப் பொருத்தமின்மையே பெரும்பாலும் காரணம். 75 நாளில் திரும்பும் சரக்குக்குரிய ஓ.டி.யை (மிகைப்பற்றை) எடுத்துக் கடைக்கு மாடி கட்டினால், வரம்பு சுவரில் போய் உறைந்துவிடும். அடுத்த கொள்முதலுக்குத் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும்.

எங்களுக்கு வங்கி கொடுக்கவே கொடுக்காது, பின் எதற்கு இத்தனையும் என்பது கடைசி மறுப்பு. இதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. சில பகுதிகளை எதிர்மறைப் பகுதிகள் என்று வங்கிகள் ஒதுக்கியதை முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்தது. ஆனால் கேட்காமலே ஒதுங்குபவரின் பெயர் மறுக்கப்பட்டவர் பட்டியலிலும் ஏறாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கி, அடைத்த கடன் அடைக்காததாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வணிக முடிவில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். ஆனால் ஈடில்லாக் கடனுக்குரிய வரம்புக்குள் ஈடு கேட்டார்கள் என்றால் அது விதிமீறல். முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் செய்து, 30 நாளில் தீர்வு இல்லையென்றால் அந்தக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். மறுப்புக் கடிதம் கையில் இருந்தால், அடுத்த விண்ணப்பத்துக்கு முன் எந்தத் தாளைச் சரிசெய்ய வேண்டும் என்பதாவது தெரியும்.